எந்தக் கையில் பிடிப்பது?

நான் ஓய்வுபெற்றவன் என்று சொன்னால் தெஹியோவிட்ட கடைத்தெருவில் சிரிக்கிறார்கள். வயது முப்பத்தாறு. தலையில் ஒரு நரை கிடையாது. ஆனால் இராணுவத்தின் ஆராய்ச்சிப் பட்டறை ஒன்றில் சிவில் ஊழியனாகச் செய்த பன்னிரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து, அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கேக் வெட்டி, படம் பிடித்து அனுப்பிவைத்தார்கள். அதற்கு வேறு என்ன பெயர் இருக்கிறதோ தெரியவில்லை. ஊருக்கு வந்த எட்டு மாதத்தில் கணித ட்யூஷன் ஆரம்பித்தேன், போன் ரிப்பேர் ஆரம்பித்தேன், சூரிய மின்சாரத் தகடு பூட்டுகிற வேலைக்கு ஆள் சேர்த்தேன். எதிலும் முழுதாக உட்கார முடியவில்லை. என் அண்ணன் சேகர், "நீ ரிட்டயர் ஆகல தம்பி, கட்டு அவுந்த மாடு" என்கிறார்.

இதை எழுதச் சொன்னது பழைய பட்டறையின் இரண்டு இளம் லெப்டினன்ட்கள். கடையில் வாங்கிய ட்ரோனில் குண்டைக் கட்டி அனுப்புகிற காலம் இது. அதைத் தடுக்க ஒரு கருவி செய்யும் குழுவில் இருக்கிறார்கள். "நீங்க அந்தக் கம்பி வேலையில கத்துக்கிட்டத ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க ரவி அய்யே, புதுசா வர்றவங்களுக்குக் குடுப்போம்" என்று சிங்களத்தில் கேட்டார்கள். அய்யே என்றால் அண்ணா. இரண்டு பக்கத்தில் முடியாது என்று அப்போதே தெரியும். இதில் வரும் பேச்சுகளில் பாதி சிங்களத்தில் நடந்தவை. எனக்கு இரண்டும் ஒரே வாயில் வளர்ந்த மொழிகள், அதனால் தமிழிலேயே போகிறேன்.

ஆயுதம் செய்வது எங்கள் வேலை அல்ல. யாரோ ஒருவர் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, கையில் கிடைத்ததை வைத்து ஓர் ஆயுதம் கட்டிவிடுகிறார். அதன் முன்னால் ஒரு மனிதன் இரண்டு காலோடு நடந்து போக என்ன வேண்டும்? அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. தொழிற்சாலையில் செய்த குண்டுக்கு வரைபடம் இருக்கும், எண் இருக்கும். கையால் கட்டியதற்கு ஒன்றும் இருக்காது. கட்டியவனின் புத்தி மட்டும் இருக்கும்.

உயர்தரத்தில் கணிதம், பிறகு தொழில்நுட்பக் கல்லூரி, பத்திரிகையில் வந்த விளம்பரம், நேர்முகத்தில் என் முகவரியைப் படித்துவிட்டு 'ரப்பர்த் தோட்டமா?' என்று ஒருவர் தலையை நிமிர்த்தியது, சேர்ந்த பிறகு இரண்டு வருடம் துளையிட்டது, அளந்தது, தேநீர் ஊற்றியது. பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

எங்கள் மேஜரைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். மெலிந்த, குரல் உயர்த்தாத மனிதர். புதிய கருவி ஒன்றைச் செய்துகொண்டு போனால் அதை அவர் தொடமாட்டார். அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்குப் படிப்பார். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி, "காகென்த எஹுவே?" என்பார். யாரிடம் கேட்டாய்? அவ்வளவுதான். எந்தப் புத்தகத்தில் எடுத்தாய் என்றோ எத்தனை தடவை சோதித்தாய் என்றோ கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவரிடம் ஒரு விதியும் இருந்தது. ஒரு பாதுகாப்புக் கருவியைச் செய்தவன், அதை அணியப்போகிறவரின் வேலையை, அதை அணிந்துகொண்டே ஒரு முழு நாள் செய்ய வேண்டும். முழு நாள் என்றால் என்ன என்பதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது. கடிகாரத்தில் எட்டு மணி நேரம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த வேலைக்காரர் கடைசியாகக் கை கழுவுகிற வரைக்கும்தான் அவருக்கு நாள்.

இந்த விதியின் அருமை எனக்கு வடக்கில் புரிந்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கு ஒரு முகக்கவசம் செய்திருந்தோம். சோதனைச் சுவரில் எதை அடித்தாலும் ஓட்டை விழவில்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. மேஜர் என்னை அதைப் போட்டுக்கொண்டு வன்னி வெயிலில் மண் கிண்டி வரச் சொன்னார். பதினொரு மணிக்குள் என் மூச்சே கவசத்தின் உட்புறம் பனியாகப் படிந்து, முன்னால் இருந்த மண் தெரியாமல் போயிற்று. பக்கத்துப் பாதையில் வேலை செய்த பெண்கள் எல்லாரும் இரண்டு விரலால் கவசத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளர் வந்தால் கீழே விடுவார்கள், போனால் தூக்குவார்கள். அறிக்கைகளில் மட்டும் அனைவரும் அணிகிறார்கள் என்று இருந்தது.

எங்கள் குழுவில் தமிழ் பேசக்கூடியவன் நான் ஒருவன்தான். ஓய்வு நேரத்தில் ஒரு அக்காவிடம் கேட்டேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "போட்டால் வெடி தெரியாது. தூக்கினால் தெரியும். எது பாதுகாப்பு எண்டு நீங்களே சொல்லுங்கோ."

கவசத்தின் தாடைப்பகுதியை மாற்றி, காற்றுப் போக வழி விட்டு, மறுபடி செய்தோம். பெண்கள் அதைத் தூக்கவில்லை. மேஜர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவரிடமிருந்து அதற்கு மேல் கிடைக்காது. அன்றிலிருந்து பட்டறையில் எனக்கு 'கேட்கத் தெரிந்தவன்' என்று பெயர். அந்தப் பெயர் என் தலையில் ஏறிக்கொண்டது. பின்னால் நடந்ததற்கு விதை அங்கேதான் விழுந்தது.

வடக்கில் வேலை குறைந்துகொண்டு வந்த ஒரு வருடம், எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே ஒரு கடிதம் வந்தது. தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கட்டுத்துவக்கு அதிகமாகிவிட்டதாகவும், ஏற்கெனவே இரண்டு பேர் காயப்பட்டுவிட்டதாகவும் பொலிஸ் எழுதியிருந்தது. கட்டுத்துவக்கு என்றால் காட்டுப்பன்றிக்காகப் பாதையோரம் மறைத்துக் கட்டிவைக்கிற நாட்டுத் துவக்கு, அதாவது துப்பாக்கி. குறுக்கே ஒரு மெல்லிய கம்பி போகும். பன்றி தட்டினால் பன்றிக்கு, மனிதன் தட்டினால் மனிதனுக்கு. பொலிஸ் இன்றைக்குத் தேடி எடுத்தால் அடுத்த கிழமை வேறொரு இடத்தில் இருக்கும். யார் கட்டுகிறார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தெரியாதவர்களும் கிடையாது.

மேஜர் கடிதத்தை என் மேசையில் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. காரணம் அந்தத் தோட்டம். நான் பிறந்த லயம் அங்கேதான் இருக்கிறது. அண்ணன் சேகருக்கு ரப்பர்ப் பால் ஸ்டோரில் வேலை. அவர் மனைவி மல்லிகா அண்ணி பால்வெட்டுக்காரி, ஏழாம் நம்பர் மலையில் மரம் சீவிப் பால் எடுப்பவர்.

தினமும் தேடி அகற்ற ஆள் இல்லை. அப்படியானால் பால்வெட்டுகிறவர்களே தங்கள் முன்னால் கம்பி இருக்கிறதா என்று அறிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். நான் மூன்றே நாளில் செய்தேன். ஆள் உயரத்துக்கு ஒரு மெல்லிய கோல், தூண்டிலைப் போல வளையக்கூடியது. முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தால், கம்பியில் பட்டதும் கம்பியை இழுக்காமல் கோல்தான் வளையும். கையில் ஒரு சின்னத் துடிப்பு தெரியும். நின்றுவிடலாம். பட்டறைக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் போட்ட கம்பிகளில் ஒன்றைக்கூட அது தவறவிடவில்லை.

விதிப்படி ஒரு முழு நாள் வேலைக்குப் போனேன். விடிந்தும் விடியாத நேரத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பால்வெட்டுக் கத்தியை வாங்கி, அண்ணிக்குப் பக்கத்து வரிசையில் நின்று மரம் மரமாக நடந்தேன். வலது கையில் கத்தி, இடது கையில் கோல். மரத்தடியில் கோலைச் சாய்ப்பது, பட்டையைச் சீவுவது, பால் வடியும் சிரட்டையைச் சரிசெய்வது, கோலை எடுப்பது, அடுத்த மரம். தாளம் பிடிபட்டுவிட்டது. பத்து மணிக்கு மழை பிடித்தது. பால்வெட்டில் மழை வந்தால் அன்றைய நாள் போயிற்று, சிரட்டையில் விழுந்த பால் தண்ணீரோடு வழிந்துவிடும். எல்லாரும் மழைக்குத் தலையில் கொங்காணியைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டோம். வீட்டுக்கு வந்து அண்ணி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, படிவத்தில் 'ஒரு முழு நாள்' என்று எழுதினேன்.

மழை வராத நாளில் வேலையின் இரண்டாம் பாதி ஒன்று உண்டு. வெட்டிய மரங்களுக்குத் திரும்பிப் போய், சிரட்டைகளிலிருந்து பாலை ஊற்றி எடுத்து, இரண்டு வாளி நிறையச் சுமந்து கீழே ஸ்டோருக்கு இறங்குவது. எனக்குத் தெரியாதா? என் அம்மா இறங்கி வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். தெரியும் என்பதால்தான் அதைச் செய்து பார்க்கவில்லை.

மேஜர் அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நான் அங்கேயே பொறந்தவன் சேர்" என்றேன்.

கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பெரட்டுக்களத்தில் கோல்களைக் கொடுத்த நாள் ஒரு திருவிழா மாதிரி இருந்தது. தோட்டத்துப் பையன் இராணுவ ஜீப்பில் வந்து இறங்கியிருக்கிறான் என்றால் சும்மாவா? பெரிய கங்காணி எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காராமல், தரையில் கம்பி கட்டி, கோலை நீட்டி, நடந்து காட்டினேன். யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேளுங்க என்றேன். பின்வரிசையிலிருந்து மல்லிகா அண்ணிதான் கேட்டார்.

"தம்பி, இத எந்தக் கையில புடிக்கிறது?"

யாரோ ஒரு கிழவர், "நோட்டெழுதுற கையிலதான், ஒனக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லையே" என்றார். களமே சிரித்தது. அண்ணிக்குப் பேச்சில் குறும்பு உண்டு, அதனால் அவர் கேட்டதையும் குறும்பு என்றே எடுத்துக்கொண்டேன். அடுத்த ஆளுக்குக் கோலைக் கொடுக்கத் திரும்பிவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து அண்ணன் போன் எடுத்தார். நான் பட்டறையில் இருந்தேன். குரலை வைத்தே எழுந்து நின்றுவிட்டேன். அண்ணி இரண்டு வாளிப் பாலோடு இறங்கி வந்திருக்கிறார். படிக்கட்டு செங்குத்து, வாளி ததும்பும் என்று நிறை வாளிக்காரிகள் எல்லாரும் கான் ஓரமாகத்தான் இறங்குவார்கள். மலையில் மழைத் தண்ணீர் ஓட வெட்டிய கான், அதன் கரை கொஞ்சம் சாய்வு குறைவு. கம்பி அங்கே இருந்தது. இடது முழங்காலிலும் அதற்குக் கீழேயும் துவக்குச் சன்னங்கள். பால் முழுவதும் கானுக்குள் ஓடியதாம். அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் கீழே நின்றவர்கள் மேலே ஓடியிருக்கிறார்கள்.

நான் கொடுத்த கோல் கடைசி மரத்தில் சாய்த்தபடியே இருந்தது.

அவிசாவளை ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டிவருமோ என்று இரண்டு நாள் பேச்சிருந்தது. கால் தப்பியது. முழங்கால் இனி மடங்காது என்றார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். கோல் ஏன் கையில் இல்லை என்று கேட்டுத் தொலைத்தேன். இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் கூசுகிறது.

அண்ணி கோபப்படவில்லை. போர்வைக்கு மேலிருந்த இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு கையிலயும் வாளி, தம்பி. அதத்தானே அன்னைக்குக் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க." ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார், "நீங்களும் சிரிச்சீங்க."

சிரித்தேனா? எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போய் மேஜர் முன்னால் படிவத்தை வைத்தேன். முழு நாள் என்று எழுதியது பொய், மழையில் பாதியில் இறங்கிவிட்டேன் என்று சொன்னேன். வேலையை விட்டுவிடுவதற்கான கடிதமும் கையில் இருந்தது. அவர் இரண்டையும் வாங்கி அடுக்கிவைத்தார்.

"நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. யாரிடம் கேட்டாய் என்றேன், எங்கே பிறந்தேன் என்றாய். அது பதிலில்லை என்று தெரிந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். "ஆகவே இதில் இரண்டு பேர் இருக்கிறோம். கடிதத்தைக் கிழி. நாளைக்கு மலைக்குப் போவோம்."

போனோம். அவர் பேச்சு எதுவும் பேசவில்லை, நாற்காலியிலும் உட்காரவில்லை. இரண்டு வாளியில் தண்ணீரை நிறைத்துத் தூக்கிக்கொண்டு, ஏழாம் நம்பர் மலையின் உச்சி மரத்திலிருந்து கான் ஓரமாக இறங்கினார். முன்னாலேயே நாங்கள் அந்த வழியைத் துப்புரவாகப் பார்த்துவிட்டிருந்தோம். பாதி வழியில் வழுக்கி உட்கார்ந்தார், தண்ணீர் கொட்டியது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவர் மறுபடி ஏறி, மறுபடி நிறைத்து, மறுபடி இறங்கினார். ஸ்டோர்ப் பீலியில் அவர் கை கழுவும்போது மணி ஒன்றரை. அதற்குப் பிறகுதான் தரையில் குந்தி, ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார். நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை, அந்தப் பெண்களின் சிங்களம் என்னுடையதைவிட ஓட்டமாக இருந்தது.

கோலை வாளியில் கட்டலாம் என்றேன். வாளி ஆடும், கோலும் ஆடும் என்றார்கள். தோளில்? கொப்பில் மாட்டும். கால் கவசம்? உள்ளே அட்டை ஏறினால் எடுக்க முடியாது, இரத்தம் போவதுகூடத் தெரியாது. ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு பதில் இருந்தது, எல்லாம் சாதாரணமான பதில்கள். கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும்.

கடைசியில் வழி சொன்னது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்திருந்த அண்ணிதான். பால்வெட்டுக்காரிகள் உடுப்பு நனையாமல் இடுப்பில் சாக்குப்படங்கு கட்டுவார்கள். "படங்குலயே தைங்க தம்பி. அது எப்பவும் ஒடம்புல இருக்கும், யாரும் மறந்து வச்சிட்டு வரமாட்டாங்க. வாளி முன்னால ஆடும், அதுக்கும் முன்னால அது நீட்டிக்கிட்டு இருக்கணும்." இரண்டு மெல்லிய கோல்களை, இரண்டு பக்கமும் தாழ்வாக, முன்னோக்கி வைத்துத் தைத்தோம். ஏதாவது பட்டால் இடுப்பில் ஒரு தட்டுத் தெரியும். எட்டுத் தடவை பிரித்துத் தைத்தோம். அதைக் கட்டிக்கொண்டு நடந்த பெண்களைப் பார்த்து லயத்து ஆம்பிளைகள் 'கரப்பான் மீசை' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே எங்கள் கோப்பிலும் ஏறியது.

இந்தத் தடவை முழு நாள் போனேன். மூன்று நாள் போனேன். கை கழுவிவிட்டுத்தான் எழுதினேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு பெண்கள் வாளியோடு நடு வழியில் நின்று, இடுப்புத் தட்டிவிட்டது என்று சத்தம் போட்டார்கள். இரண்டு இடத்திலும் கம்பி இருந்தது. பிறகு அதே மீசையைக் கொஞ்சம் மாற்றி, சுமை தூக்கிக்கொண்டு நடக்கிற படைவீரர்களின் இடுப்புப் பட்டியில் பொருத்தினோம். எங்கள் பட்டறையிலிருந்து வெளியே போனவற்றில் அதுதான் மிகவும் மலிவானது. அதற்காக எனக்குப் பாராட்டுக் கடிதம் தந்தார்கள். அண்ணியின் பெயரையும் போடச் சொன்னேன், படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். மேஜர் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினார்.

அண்ணி மலைக்குத் திரும்பவில்லை. பிள்ளைக்காம்பராவில் வேலை, உழைக்கப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். இடது காலை நீட்டியே உட்காருவார். என்னிடம் முன்போலத்தான் பேசுகிறார், கிண்டலும் செய்கிறார். ஆனால் ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இதுவரை பதில் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்கப் போனால், "அதெல்லாம் எதுக்குத் தம்பி இப்ப" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

லெப்டினன்ட்கள் இருவரும் போன மாதம் வந்தபோது அவரும் எங்கள் வீட்டில் இருந்தார். அவர்கள் கொண்டுவந்தது மரத்தில் செய்த மாதிரி. உருவமும் எடையும் மட்டும் உண்மை. பெரிய துவக்கைப் போல இருந்தது. ட்ரோனை நோக்கி நீட்டினால், அதற்கு வருகிற சமிக்ஞையைக் குழப்பி விழுத்தும் என்றார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இதைச் சுமப்பாராம். நான் கை பரபரக்க வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு உடனே பத்து யோசனை வந்தது.

அண்ணி கையை நீட்டினார். கொடுத்தேன். இரண்டு கையாலும் தூக்கி, தோளுக்குக் கொண்டுபோய், இறக்கினார். லெப்டினன்ட்களுக்குப் புரியட்டும் என்று சிங்களத்திலேயே கேட்டார்.

"இதை ரெண்டு கையிலயும் புடிச்சிருந்தா, கீழ வுழுந்தவன யாரு தூக்குறது?"

இளையவர் சிரித்துவிட்டார். கெட்ட பிள்ளை இல்லை, வேடிக்கையாகப் பட்டது, சிரித்தார். அண்ணி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் சிரிக்கவில்லை. உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து, அவர் காலை நீட்டி உட்காரும்படி வாசலைப் பார்த்துப் போட்டேன். "இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி, இவங்க எழுதிக்கட்டும்" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். "எழுதுறது அப்புறம். ஒருத்தரைப் படுக்கச் சொல்லுங்க" என்றார்.

இளைய லெப்டினன்ட் எங்கள் வாசல் மண்ணில் மல்லாக்கப் படுத்தார். மூத்தவர் இரண்டு கையிலும் அந்தக் கருவியோடு அவர் தலைமாட்டில் வந்து நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார். பிறகு அதை எங்கே வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.